எதற்கு மவுசு என்று கேட்ட அண்ணாச்சிக்கு

அண்ணாச்சி, நேற்று பாளையங்கோட்டையில் நீங்கள் நீட்டிய தாளில் மூன்று பெயர்கள் இருந்தன: ஜீன் எடிட்டிங், எம்ஆர்என்ஏ, ஏஐ. இதில் எதில் பிஎச்.டி. சேர்த்தால் மகளுக்கு வேலை நிச்சயம் என்று கேட்டீர்கள். எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்த பிள்ளை பக்கத்தில் வாயே திறக்கவில்லை. அவசரத்தில் நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பிஎச்.டி. முடிக்க ஐந்தாறு வருசம் ஆகும். அதுவரை இந்த மவுசு நிற்க வேண்டுமே! போன வருசம் தார் நல்ல விலைக்குப் போனது என்று களக்காட்டுப் பக்கம் எல்லோரும் வாழை வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேட பப்மெட் இருக்கிறது, காசு கிடையாது. அதில் கொரோனா வைரஸ் என்று மகளை ஆங்கிலத்தில் தட்டச் சொல்லுங்கள். எந்த வருசம் எத்தனை கட்டுரை என்று ஓரத்தில் பட்டைகள் வரும். 2003-இல் சார்ஸ் என்ற இன்னொரு கொரோனா வைரஸ் நோய் வந்தபோது கொஞ்சம் எழும்பி, பிறகு தணிந்திருக்கும். 2020-இல் பனைமரம் மாதிரி ஒரு பட்டை. அதன் பக்கத்தில் பழைய மேடு கண்ணுக்கே தெரியாது.

கொரோனா தடுப்பூசிக்கு வழிசெய்த எம்ஆர்என்ஏ, அதாவது செல்லுக்கு எந்தப் புரதம் செய்வது என்று சொல்லும் மூலக்கூறு, அதன் கதையும் இதுதான். மவுசு இல்லாத காலத்தில் அதை ஆராய்ந்த கட்டலின் கரிக்கோவை 1995-இல் பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கினார்கள். 2005-இல் அவரும் சக ஆய்வாளர் வெய்ஸ்மனும் எழுதிய முக்கியமான கட்டுரையையே அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. நோபல் வந்தது 2023-இல்.

சரி, மகள் விசயத்துக்கு வருகிறேன். நீங்கள் வண்டி எடுக்கப் போன நேரத்தில் அவள் போனில் ஒரு படம் காட்டினாள். கிருமி வளர்க்கும் பெட்ரி தட்டு முழுக்கப் பாக்டீரியா படர்ந்திருக்க, நடுவில் பொட்டுப் பொட்டாகத் தெளிந்த வட்டங்கள். தாமிரபரணித் தண்ணீரிலிருந்து அவள் பிரித்த ஃபேஜ், அதாவது பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ், செய்த வேலை. 'அப்பா இது பழைய சமாச்சாரம்னு சொல்றாங்க' என்றாள்.

பழசுதான். டெரெல் என்ற ஆய்வாளர் அதற்குப் பெயர் வைத்தது 1917-இல். பெனிசிலின் வந்ததும் மேற்கு நாடுகள் ஃபேஜ் சிகிச்சையைக் கைவிட்டன; ஜார்ஜியா நாட்டின் திபிலீசியில் 1923-இல் தொடங்கிய நிறுவனம் விடாமல் செய்தது. இன்றைக்கு ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகள் பெருகியதும் எல்லோரும் திரும்ப ஃபேஜ் பக்கம் வருகிறார்கள். இதற்கும் ஒருநாள் கூட்டம் குறையலாம். ஆனால் கிருமி வளர்ப்பது, மரபணு வரிசையைப் படிப்பது, புள்ளியியல் எல்லாம் கைவந்துவிட்டால் அடுத்த தலைப்புக்கு மாறுவது பெரிய பாடில்லை. ஏஐயையும் அப்படி ஒரு கருவியாகக் கற்கட்டும்.

தலைப்பைவிட வழிகாட்டியைப் பாருங்கள். அவரிடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எத்தனை வருசத்தில் முடித்தார்கள் என்று அந்த மாணவர்களிடமே கேளுங்கள். சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்துச் சேர்ந்தால், முதல் இரண்டு வருசம் மாதம் 37,000 ரூபாய் வரும். செலவுக்கு உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டாம்.

சனிக்கிழமை வாருங்கள். அவளுடைய புராஜெக்ட் நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். இந்தத் தடவை அவள் பேசட்டும், நாம் இரண்டு பேரும் கேட்போம்.