கடைக் கணக்கை கிளவுடில் ஏற்றலாமா? கேள்வி பதில்

திருப்பூர், பனியன் ஜாப் ஒர்க்: சார், டேலி இப்போ ஆபீஸ் கம்ப்யூட்டர்லதான் ஓடுது. ஆடிட்டர் கிளவுடுக்கு மாறச் சொல்றார். மாறணுமா?

கிளவுட் என்றால், கணக்கு உங்கள் கம்ப்யூட்டரில் இல்லாமல் வேறொரு நிறுவனத்தின் சர்வரில் இருக்கும், இன்டர்நெட் வழியாகத் திறப்பீர்கள். நீங்களும் கணக்குப்பிள்ளையும் ஒரே அறையில் உட்கார்ந்து பில் போடுகிறீர்கள் என்றால் அவசரமே இல்லை. குடோன், ஆபீஸ், ஆடிட்டர் என மூன்று இடத்திலிருந்து ஒரே கணக்கைத் திறக்க வேண்டும் என்றால் மாறுங்கள். பிரைவேட் லிமிடெட்டா? அப்படியானால் 2022 ஆகஸ்டில் திருத்திய கம்பெனிக் கணக்கு விதிகள்படி, கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் கணக்கின் பேக்கப், அதாவது பாதுகாப்பு நகல், இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் ஏற வேண்டும். ஆடிட்டர் அதற்காகவும் சொல்லியிருக்கலாம்.

மதுரை, மருந்து மொத்த வியாபாரம்: கிளவுடுக்குப் போயிட்டா பேக்கப் கவலை விட்டது, இல்லையா அண்ணா?

இல்லை தம்பி. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் சர்வர்கள் இருந்த டேட்டா சென்டர் தீப்பிடித்து, ஒரு கட்டடம் முழுதாக எரிந்தது. பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் சிலருக்கு எதுவுமே மிஞ்சவில்லை. மும்பையில் சர்வர் என்றால் பேக்கப் ஹைதராபாத்தில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு பில்லையாவது மீட்டெடுத்துப் பாருங்கள்.

கோவை, வெட் கிரைண்டர் விற்பனை, சர்வீஸ்: மூணு பசங்க மூணு போன்ல வாட்ஸ்அப் பார்க்கிறாங்க. யார் யாருக்குப் பதில் சொன்னாங்கன்னே தெரியல.

கிளவுடால் உங்களுக்குத்தான் உண்மையான லாபம். திங்கள்கிழமை ஒரு அம்மா "மோட்டார் சூடாகுது" என்று எழுதுகிறார். ஒரு பையன் போய் பெல்ட்டை மாற்றிவிட்டு வருகிறான். வியாழக்கிழமை அவர் மறுபடி கூப்பிட, இன்னொரு பையன் "என்ன மாடல்மா, எப்ப வாங்கினீங்க?" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறான். அந்த அம்மாவுக்குக் கோபம் கிரைண்டர் மேல் இல்லை, அந்தக் கேள்வி மேல்தான்.

சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்டெஸ்க், ஜோஹோ டெஸ்க் போன்ற வாடிக்கையாளர் சேவை மென்பொருள்களில் ஒவ்வொரு புகாரும் ஒரு டிக்கெட், அதாவது தனி எண்ணுள்ள ஒரு பதிவு. மாடல், வாங்கிய தேதி, மாற்றிய பெல்ட் எல்லாம் எந்தப் பையன் திறந்தாலும் தெரியும். இப்படி ஒன்று வாங்க முன்பெல்லாம் தனி சர்வர் வேண்டும். இப்போது ஆளுக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா.

வாட்ஸ்அப்பையும் இதில் இணைக்கலாம். வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டா, வாட்ஸ்அப்பை வேறு மென்பொருளுடன் இணைக்க உதவும் தன் கிளவுட் ஏபிஐ-யை எல்லா அளவு வியாபாரங்களுக்கும் 2022 மே மாதம் திறந்துவிட்டது. ஒரு கட்டுப்பாடு உண்டு: வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள்தான் நீங்கள் இஷ்டப்படி பதில் எழுத முடியும். அதற்குப் பிறகு, மெட்டாவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிய வாசகம் மட்டுமே போகும். எனக்கு இது பிடித்த விதி. பசங்கள் புகாரை மறுநாளைக்குத் தள்ள மாட்டார்கள். சம்மதம் கேட்காமல் தீபாவளி ஆஃபர் மட்டும் அனுப்பாதீர்கள், பிளாக் செய்துவிடுவார்கள்.

சென்னை, ஆப் தொடங்கியிருக்கும் மாணவர்: கிளவுட்ல வாடகைக்கு எடுத்த சோதனை சர்வரை நிறுத்தியும் பில் வருதே?

சர்வரை நிறுத்தினாலும் அதனுடன் இணைத்த டிஸ்க்குக்கு வாடகை ஓடும். வேண்டாததை அழித்துவிட்டு, செலவு நீங்கள் வைத்த அளவை எட்டினால் எச்சரிக்கும் பட்ஜெட் அலர்ட்டை இன்றே போடுங்கள்.

திருச்சி, டிராவல்ஸ்: கிளவுட் மென்பொருள் வாங்கின பிறகு, நாளைக்கு அந்தக் கம்பெனியே மூடிட்டா?

காசு கட்டுவதற்கு முன், இலவசச் சோதனைக் காலத்திலேயே எல்லாத் தகவலையும் வெளியே எடுத்து எக்செலில் திறந்து பாருங்கள். பெயரும் நம்பரும் மட்டும் வந்து, பழைய உரையாடல்களும் அவற்றுடன் வந்த படம், ஃபைல்களும் வரவில்லையென்றால் வேறு மென்பொருள் தேடுங்கள். இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: டொமைனும் (உங்கள் இணையதள முகவரி) முழு அதிகாரம் உள்ள அட்மின் லாகினும் உங்கள் மெயிலில், உங்கள் பெயரில் இருக்கட்டும். செட் செய்து கொடுத்த பையன் பெயரில் வேண்டாம்.