ஓட்டு வீட்டுக்குள் கைக்குழந்தையை மொபைலில் எடுத்தால் முகம் மஞ்சளாக, கலங்கலாக வருவது ஏன்?

நாகர்கோவில் பக்கத்துப் பழைய ஓட்டு வீடு, 4 மாதக் குழந்தை என்று எழுதியிருக்கிறீர்கள். கோளாறு கேமராவில் இல்லை, வெளிச்சத்தில்தான்.

முதலில் பல்பை அணையுங்கள். ஜன்னல் வெளிச்சமும் பல்பின் மஞ்சளும் கலந்தால் தோலின் நிறம் கெடும். சிவப்பு சிமெண்ட் தரையும் பச்சைச் சுவரும்கூட கன்னத்தில் சாயம் ஏற்றும். குழந்தைக்கு அடியில் வெள்ளை வேட்டியை இரட்டையாக மடித்து விரியுங்கள்.

ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளி, தலை ஜன்னல் பக்கம் சற்றுச் சாய்வாக இருக்கும்படி படுக்க வையுங்கள். கால் ஜன்னல் பக்கம் இருந்தால் வெளிச்சம் தாடைக்கு அடியிலிருந்து ஏறி மூக்குத் துவாரம்தான் முதலில் தெரியும். மறுபக்கக் கன்னம் இருண்டால் அங்கே இன்னொரு வெள்ளைத் துணியைப் பிடிக்கலாம். சாரல் நாளில் முற்றத்தை ஒட்டிய வராந்தா போதும், மேக வெளிச்சம் மென்மையானது. நேர்வெயில் வேண்டாம்.

கலங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் குறைந்த ஷட்டர் வேகம், அதாவது வெளிச்சம் போதாமல் கேமரா ஒரு படத்துக்கு அதிக நேரம் எடுத்துக்கொள்வது. குழந்தையின் கை சும்மா இருக்காதே! கேமரா ஆப்பில் நாமே அளவுகளை மாற்றும் புரோ மோடு இருந்தால் ஷட்டர் வேகம் 1/250 விநாடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400 முதல் 800 வரை வையுங்கள். இல்லாவிட்டால் பர்ஸ்டில் (தொடர்ச்சியாகப் படம் எடுக்கும் வசதி) பத்துப் படம் எடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முன் லென்ஸைத் துடையுங்கள். எண்ணெய் தேய்த்த கையோடு மொபைலைத் தொட்டால் படம் முழுக்கப் புகை படர்ந்தது போலிருக்கும்.

முகத்துக்கு மிக நெருங்கினால் மூக்கு பெரிதாகும். தள்ளி நின்று 2எக்ஸ் ஜூம் வையுங்கள், திரையில் குழந்தையின் கண் தெரியும் இடத்தைத் தொட்டு ஃபோகஸ் செய்யுங்கள். ஃபிளாஷும், தோலை மெழுகிக் காட்டும் பியூட்டி மோடும் வேண்டவே வேண்டாம். மேலிருந்து எடுக்கும்போது மொபைலின் கயிறு மணிக்கட்டில் இருக்கட்டும்.