22 பேர் 9 பேரானது ஏன்? சாஃப்ட்பால் ஆலோசனை

கேள்வி: தக்கலை அருகே ஒரு பள்ளி மைதானத்தில் ஞாயிறுதோறும் 10 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு, பேஸ்பால் போன்ற சாஃப்ட்பால் ஆட்டம் நடத்துகிறோம். போட்டிக்காக அல்ல, விளையாட்டுக்காகத்தான். மூன்று வருடத்தில் 22 பேர் 9 பேராகிவிட்டார்கள். புதிதாக ஆள் சேர்க்க என்ன வழி?

பதில்: சேர்ப்பதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். வந்தவர்கள் ஏன் நிற்கவில்லை என்று முதலில் பார்ப்போம்.

அடுத்த ஞாயிறு, ரைட் ஃபீல்டில் (மைதானத்தின் வலது வெளிப்பகுதி) நிற்கும் பிள்ளையை மட்டும் அரை மணி நேரம் கவனியுங்கள். பந்து எத்தனை தடவை அவள் கைக்கு வருகிறது? இந்த வயதில் பிட்சருக்கு (பந்து வீசுகிறவள்) ஸ்ட்ரைக், அதாவது சரியான இடத்தில் போகும் வீச்சு, விழுவதே அபூர்வம். நாலு 'பால்' (இடம் தவறிய வீச்சு) ஆனால் 'வாக்': பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்கு (ஓடித் தொடும் இடம்) நடந்துவிடுவாள். மறுபடி நாலு பால், வாக். பிட்சரும், பேட்டருக்குப் பின்னால் நின்று பிடிக்கும் கேட்சரும் பந்தை மாற்றி மாற்றி எறிந்துகொண்டிருக்க, மற்ற ஏழு பேரும் வெயிலில் சும்மா நிற்கிறார்கள். பிள்ளைகள் விட்டுப்போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

பிட்சிங் தூரம் 43 அடி, பேஸுக்குப் பேஸ் 60 அடி, 12 அங்குலச் சுற்றளவுள்ள பந்து என்பதெல்லாம் வளர்ந்த பெண்களுக்கான அளவு. நீங்கள் பேஸ் இடைவெளியை 45 அடியாக்குங்கள். உள்ளே மென்மையாக இருக்கும் 11 அங்குலப் பந்து வாங்குங்கள். 25 அடியிலிருந்து பயிற்சியாளரே கீழ்க்கையாக வீசட்டும். ஒருத்திக்கு 5 பந்து, வாக் கிடையாது. ஐந்திலும் படவில்லையென்றால் பந்தை டீயில் (பந்தை மேலே நிறுத்தி வைக்கும் தண்டு) வைத்து அடிக்கட்டும். டீயை நீங்களே செய்யலாம்: பெயின்ட் வாளியில் கான்கிரீட் போட்டு ஒன்றேகால் அங்குல பிவிசி குழாயை நடுங்கள்; மேல்முனையில் ஒரு சாண் ரப்பர் ஹோஸைச் செருகி, நுனி பிள்ளையின் இடுப்பு உயரத்துக்கு வரும்படி வெட்டுங்கள். ரப்பர் இல்லாவிட்டால் பேட் பட்டுக் குழாய் பிளந்துவிடும்.

9 பேர் இருப்பதும் வசதிதான். மும்மூன்று பேராகப் பிரியுங்கள். மூவர் பேட்டிங், ஆறு பேர் ஃபீல்டிங், 10 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றம். யாரும் சும்மா நிற்க மாட்டார்கள்.

அடுத்தது பயம். சரல் மண்ணில் உருண்டு வரும் பந்து ஒரு கல்லில் பட்டால் நேரே முகத்துக்கு எழும்பும். ஒரு தடவை உதட்டில் பட்ட பிள்ளை அப்புறம் பந்து வந்தாலே முகத்தைத் திருப்புவாள். இரண்டு வாரத்தில் நின்றுவிடுவாள். ஆட்டத்துக்கு முன் எல்லோரும் வரிசையாக நடந்து இன்ஃபீல்டில் (பேஸ்களைச் சுற்றியுள்ள உள்பகுதி) கல் பொறுக்குங்கள். சரலில் ஸ்லைடிங் (சறுக்கிப் போய் பேஸைத் தொடுவது) வேண்டாம். கேட்ச் பழக்க முதலில் டென்னிஸ் பந்து, வெறுங்கை, 5 மீட்டர். கிளவுஸ் அதற்குப் பிறகு. இடக்கையால் எறிகிறவளுக்கு வலக்கையில் போடும் கிளவுஸ்தான் வேண்டும்; பொதுப்பையில் பெரும்பாலும் அது இருக்காது, தனியாகக் கேட்டு வாங்குங்கள். நனைந்த தோல் கிளவுஸை வெயிலில் காயவைத்தால் வெடிக்கும். உள்ளே செய்தித்தாள் திணித்து நிழலில் வையுங்கள்.

நேரம்: ஞாயிறு காலை கோயில், வேதபாடம் என்று பாதிப் பிள்ளைகளுக்கு ஒழியாது. மாலை 3.45 முதல் 5.15 வரை வைத்தால் இருட்டுமுன் வீடு சேரலாம். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழை என்று ரத்து செய்தால் பழக்கம் விட்டுப்போகும். பள்ளி வராந்தாவிலேயே டென்னிஸ் பந்தை வைத்து 40 நிமிடம் கேட்ச் பயிற்சி நடத்துங்கள்.

எட்டாம் வகுப்புக்கு மேல் வராமல் நின்றுவிடுபவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கழிப்பறை பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரும் தாழ்ப்பாளும் இல்லாத இடத்துக்கு மாதவிடாய் நாளில் எந்தப் பிள்ளையும் வர மாட்டாள். காரணமும் சொல்ல மாட்டாள், "தலைவலி" என்பாள். சாவியை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். அவர்கள் தயங்காமல் பேச ஒரு பெண் பொறுப்பாளர் மைதானத்தில் இருக்க வேண்டும். டிராக் பேன்ட், முழுக்கைச் சட்டை, தொப்பி போட்டு ஆடட்டும். "வெயில்ல கறுத்துப் போவா" என்கிற அம்மாக்களுக்கும் அதுவே பதில்.

தொடர்ந்து 12 பேர் வரத் தொடங்கிய பின் பிட்சிங்கைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். 30 அடி தூரம். முதல் இரண்டு பந்து அவள் வீசட்டும், மீதி மூன்றும் நீங்கள்.