மண்புழு வாங்குவதற்கு முன் சாணத்தை நிறுத்துப் பாருங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்களுக்கு இரண்டு பரப்புத் தோட்டக் காணியும் இரண்டு பசுக்களும் உள்ளன. மண்புழு உரம் செய்து விற்கும் எண்ணத்துடன் சிறிது பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். 10 கிலோ புழு தருவதாகவும், அவை பெருகியதும் நல்ல விலைக்குத் தாமே திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் ஒருவர் கூறுகிறார். அவரை நம்பி ஆரம்பிக்கலாமா?
– வாசகி, உரும்பிராய்

பதில்: புழுவின் கணக்கை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, உங்கள் மாட்டுக்கொட்டிலில் நாளொன்றுக்கு எவ்வளவு சாணம் சேர்கிறது என்பதை ஒரு வாரம் நிறுத்துப் பாருங்கள். எருவைத் தின்னும் மண்புழு ஒரு நாளில் தன் எடையில் ஏறத்தாழப் பாதியளவு உணவை உண்ணும். நன்றாகப் பராமரித்தால் இரண்டு மூன்று மாதங்களில் அதன் தொகை இரட்டிப்பாகிவிடும். உங்கள் பசுக்களின் சாணத்தில் பெரும்பகுதி இன்று வெங்காயப் பாத்திக்கே போகிறது என்றால், மிஞ்சுவது எவ்வளவோ அதுவே உங்கள் தொழிலின் அளவு. முதல் தொட்டிக்கு 2 கிலோ புழு போதும் என்பது என் கருத்து.

திரும்ப வாங்கும் வாக்குறுதியை நம்பி முதலிட வேண்டாம். அவர் நேர்மையானவராகவே இருந்தாலும், வாங்குபவர் ஒருவர் மட்டுமே உள்ள இடத்தில் விலையையும் அவரே தீர்மானிப்பார். உரத்தை விற்பதையே தொழிலாகக் கொள்ளுங்கள். புழு விற்பனை வந்தால் வரட்டும்.

தோட்டத்து மண்ணைக் கிண்டி எடுக்கும் புழுக்கள் இதற்கு உதவா. அவை மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்பவை. நமக்கு வேண்டியவை மக்கும் பொருளின் மேற்பரப்பில் வாழ்பவை. ஆனால் பழைய எருக்கும்பியின் அடியைக் கிளறினால், வெளிச்சம் பட்டதும் ஊதா மினுக்கம் காட்டித் துள்ளி ஓடும் மெல்லிய புழுக்களைக் காணலாம். அவை நம் பகுதிக்கே உரியவை, எருவையும் விரும்பித் தின்பவை. பணம் கொடுத்து வாங்குமுன் அவற்றைச் சேர்த்து ஒரு சிறிய தொட்டியில் பழகிப் பாருங்கள்.

நான் முதற்தொட்டியை இழந்தது பச்சைச் சாணத்தால்தான். மாலையில் புழுக்களை விட்டுச் சணல் சாக்கால் மூடினேன். காலையில் சாக்கைத் தூக்கியபோது உயிரோடிருந்தவை சுவரின் மேல்விளிம்பில் ஒன்றோடொன்று பின்னிக் கட்டியாகத் தொங்கின. நடுவில் கையை விட்டால் வைத்திருக்க முடியாத சூடு. சாணமும் இலைகுழையும் மக்கத் தொடங்கும்போது வெப்பமும் அமோனியாவும் எழும் என்பதால், அவற்றைக் கலந்து 15 முதல் 20 நாட்கள் நிழலில் குவித்து, இடையிடையே புரட்டி ஆறவிட்ட பின்னரே தொட்டியில் இடவேண்டும். ஆறியதா என்ற ஐயம் இருந்தால், ஒரு சிரட்டையளவு எடுத்து அதில் நாலைந்து புழுக்களை விட்டு மறுநாள் பாருங்கள். மாடுகளுக்குக் குடற்பூச்சி மருந்து கொடுத்திருந்தால் அடுத்த சில வாரச் சாணத்தைத் தொட்டிக்குக் கொண்டுவராதீர்கள்; சில மருந்துகள் சாணத்தோடு வெளியேறி மண்புழுவையும் தாக்கும்.

தொட்டியைச் சீமெந்துக் கல்லால் 3 அடி அகலமும் 2 அடி உயரமுமாகக் கட்டி, அடியில் நீர் வடிய ஒரு துளை வையுங்கள். சித்திரை வெயிலையும் கார்த்திகை மழையையும் ஒருங்கே தாங்கவேண்டியிருப்பதால் மேலே கிடுகுக் கூரை அவசியம். தகரம் வேண்டாம், ஏனெனில் 35 பாகை செல்சியசைத் தாண்டினால் புழுக்கள் மடியத் தொடங்கும். தொட்டியைச் சுற்றிச் சிறு வாய்க்கால் எடுத்து நீர் நிறுத்தினால் எறும்பு அண்டாது. கோழியும் செண்பகமும் கண்டுவிட்டால் நாள் தவறாமல் வரும் என்பதால் வலையும் போடுங்கள்.

45 முதல் 60 நாட்களில் மேற்பகுதி தேயிலைத் தூள் போலக் கறுத்து உதிரும். நீர் தெளிப்பதை மூன்று நான்கு நாட்கள் நிறுத்தி, வெளிச்சத்தில் கூம்பாகக் குவித்தால் புழுக்கள் அடிக்கு இறங்கிவிடும். மேலிருந்து வழித்தெடுத்து அரிதட்டில் அரியுங்கள். 100 கிலோ மூலப்பொருளுக்கு 40 முதல் 50 கிலோ உரம் எதிர்பார்க்கலாம். அதை வெயிலில் காயவிடாமல் ஈரப்பதத்துடன் நிழலில் வையுங்கள்.

விற்கும்போது உண்மையைச் சொல்லி விற்க வேண்டும். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன் உண்டு; மண்புழு உரத்தில் பெரும்பாலும் 1 முதல் 2 சதவீதமே. 2021 மே மாதத்தில் இலங்கையில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது, சேதன உரம் எல்லாவற்றையும் ஈடுசெய்யும் என்று நம்பவைக்கப்பட்ட விவசாயிகள் பட்ட பாட்டை நாம் மறக்கலாகாது. நாற்றுமேடைக்கும், பூச்சாடிக்கும், வீட்டுத்தோட்ட மரக்கறிக்கும் இது சிறந்தது. உங்கள் முதல் வாடிக்கையாளரை அங்கேயே தேடுங்கள். தோட்டக்காரரிடம் மண்ணின் ஈரம் காக்கும் தன்மை கூடும் என்றும், யூரியாவைக் குறைத்துக்கொள்ள வழி உண்டு என்றும் கூறுங்கள். யாழ்ப்பாணத்தில் நீர் எளிதில் ஊடுருவும் சுண்ணாம்புக்கல்லின் மேல் வாழும் நமக்கு, தோட்டத்தில் மிகையாக இடும் நைதரசன் நைத்திரேற்றாக இறங்கிக் குடிக்கும் கிணற்றையே சேர்கிறது என்பதால், அந்தக் குறைப்பும் பெரிய நன்மையே.

கேள்வி: வாழைக்குற்றி, வெங்காயச் சருகு, புகையிலைத் தண்டு ஆகியவை எங்களிடம் நிறைய உண்டு. இவற்றைப் புழுவுக்கு இடலாமா?
– வாசகர், நீர்வேலி

பதில்: வாழைக்குற்றியைத் துண்டுகளாக வெட்டி, எருவோடு கலந்து ஆறவைத்து இடுங்கள், இரண்டு வாரம் கழித்து ஒரு மடலைப் பிரித்தால் அதன் ஈரத்துக்குள் குஞ்சுப் புழுக்கள் நெளிவதைக் காண்பீர்கள். வெங்காயச் சருகை முதலில் நன்றாக மக்கவைத்துச் சிறிதளவே சேருங்கள். புகையிலையில் இலை, தண்டு எதுவும் வேண்டாம். அதிலுள்ள நிக்கொட்டின் புழுவுக்கு நஞ்சு. புகையிலை வெட்டிய கத்தியையும் கடகத்தையும் கழுவாமல் தொட்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: மழை தொடங்கியதிலிருந்து இரவில் புழுக்கள் தொட்டியை விட்டு ஊர்ந்து வெளியேறுகின்றன. என்ன செய்வது?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: மண்புழு தோலால் சுவாசிப்பது, நீர் தேங்கினால் அதற்குக் காற்றில்லை. ஒரு பிடி எருவை எடுத்துப் பிழிந்து பாருங்கள்: ஓரிரு துளி கசிந்தால் சரி, ஒழுகினால் வடிதுளை அடைபட்டிருக்கிறது. துளையைத் திறந்து, உலர்ந்த வாழைச்சருகையோ தும்புத்தூளையோ கலந்துவிடுங்கள். ஈரம் சரியாகும் வரை சில இரவுகள் தொட்டிக்கு மேல் சிறிய மின்குமிழ் ஒன்றை எரியவிட்டால், வெளிச்சத்துக்கு அஞ்சி அவை மேலே வரமாட்டா. கோடையில் உங்கள் கிணறு உவர்க்குமாயின் அந்த நீரைத் தொட்டிக்குத் தெளிக்காதீர்கள்; இப்போது பெய்யும் மழையில் கூரைநீரைப் பீப்பாய்களில் பிடித்து மூடிவையுங்கள்.