தண்ணி தேங்குற கொல்லையில மேட்டுப்பாத்தி கட்டுனா செடி வருமா?

தேவகோட்டை பக்கம் வீடு, ஐப்பசி மழைக்கு கொல்லையில மூணு நாள் தண்ணி நிக்குது, பாத்தி கட்டி மண்ணு போட்டா காய்கறி வருமான்னு கேட்டிருக்கீங்க. வரும். ஆனா நான் மொதல்ல கட்டுனதுல வரல, அந்தக் கதையச் சொன்னாத்தான் உங்களுக்கு உதவும்.

எனக்கு காரைக்குடி பக்கம். செம்மண் பூமிதானே தண்ணி ஏன் நிக்கணும்னு எல்லாரும் கேப்பாங்க. மேல ஒரு அடி செம்மண்ணுதான், கீழ கடப்பாரையப் போட்டா டங்குன்னு சத்தம் வரும், சரளையும் களியும் இறுகிப்போய் கெடக்கு. போதாக்குறைக்கு தெருவுல ரோட்டுக்கு மேல ரோடு போட்டு எங்க கொல்லை பள்ளமாயிருச்சு.

நான் என்ன பண்ணேன்னா கொத்தனாரக் கூப்பிட்டு செங்கல்லு வச்சு நாலு பக்கமும் கட்டி உள்பக்கம் சிமெண்டு பூசி, அடியில கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டும் விரிச்சேன், கீழ இருந்து களை வராதாம்ல. யாரோ சொன்னத நம்புனது. மண்ணு காசு மிச்சம் பண்ணலாம்னு பாதி உயரத்துக்கு பழைய வீடு இடிச்ச காரையப் போட்டு ரொப்புனேன், எங்க ஊர்ல அதுக்கு மட்டும் பஞ்சமே கெடயாது. மேல செம்மண்ணு, சாணி உரம். தக்காளி, கத்திரி வச்சேன்.

அடைமழை பிடிச்சுச்சு பாருங்க, பாத்தி தொட்டியாயிருச்சு. தண்ணிக்குள்ளயே நிக்கிற செடி வெயில்ல காஞ்ச மாதிரி தொவண்டு கெடந்துச்சு, நான் வேற கிறுக்கன் மாதிரி தண்ணி பத்தலையோன்னு நெனச்சேன். ஒண்ணப் புடுங்கிப் பாத்தா வேரெல்லாம் கறுப்பு, விரல்ல உருவுனா தோலு தனியா வருது, சாக்கடை நாத்தம். மண்ணுக்குள்ள காத்தே இல்லைன்னா வேரு மூச்சுமுட்டி அழுகிரும், அழுகுன வேரு தண்ணிய எப்படி இழுக்கும்? தப்பிச்ச நாலஞ்சு கத்திரியும் உருப்படல. இலை மஞ்ச, நரம்பு மட்டும் பச்சை. அது காரை பண்ண வேலை. பழைய வீட்டுக் காரை பூரா சுண்ணாம்பு, மண்ணுல காரத்தன்மை ஏறிருச்சுன்னா அதுல இரும்புச்சத்து இருந்தும் செடியால எடுக்க முடியாது. இடிச்ச ஓடு, கல்லு சுத்துக்கட்டுக்கு எடுத்துக்கங்க, காரைய மட்டும் உள்ள விடாதீங்க.

அதனால மண்ணு வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை. பாத்தி வரப்போற எடத்துல ஒரு அடி ஆழத்துக்கு குழி தோண்டி தண்ணி ஊத்துங்க. அது வத்துனதும் திரும்ப ஊத்தி ஒரு குச்சிய நட்டு மணிக்கு எவ்வளவு எறங்குதுன்னு பாருங்க. மணிக்கு ஒரு இஞ்ச் எறங்குனா கவலையே இல்ல, அரை இஞ்ச்கூட எறங்கலன்னா பாத்தி மட்டும் பத்தாது, தண்ணி போக வழியும் வேணும். எங்க வீட்ல மறுநாள் காலைல போய்ப் பாத்தா குழியில தவளை உக்காந்திருந்துச்சு, அப்ப எவ்வளவு எறங்கியிருக்கும்னு நீங்களே பாத்துக்கங்க.

ரெண்டாவது தடவை மொதல்ல கொல்லைக்கு ஓரமா ஒரு முழ அகலத்துக்கு வாய்க்கா வெட்டி லேசா சரிவு குடுத்து தெரு வடிகால்ல சேத்தேன். நம்ம செட்டிநாட்டு ஊருகள்லயே பாருங்க, வீட்ட ஒசரமா மேடை போட்டு கட்டி, கூரைத் தண்ணி, தெருத் தண்ணி எல்லாம் ஊருணிக்குப் போற மாதிரிதான் வச்சிருக்காங்க. மேட்டக் கட்டுனவங்க வழியையும் விட்டிருக்காங்க, நான்தான் மேட்ட மட்டும் பாத்துட்டேன்.

அப்புறம் பாத்தி வர்ற எடத்த கடப்பாரையால அரை அடிக்கு கிளறி விட்டேன், ஷீட்டு கெடயாது, பூச்சு கெடயாது. ஹாலோ பிளாக் ரெண்டு வரிசை, வரிசைக்கு 8 இஞ்ச், ஆக 16 இஞ்ச் ஒசரம். அடி வரிசையில ரெண்டு மூணு அடிக்கு ஒரு எடத்துல விரக்கடை சந்து விட்டேன். உள்அளவு நீளம் 8 அடி அகலம் 4 அடி, ரெண்டு பக்கமும் நின்னா கை எட்டும், மண்ண மிதிக்க வேண்டியதில்ல. கீரைக்கு முக்கா அடி ஒசரம் போதும். மரப்பலகை வேணாம், கரையான் சாப்பிட்டுரும். வீட்டுச் செவத்த ஒட்டியும் கட்டாதீங்க, ஓதம் ஏறும்.

அடியில ஜல்லி கொட்டுனா தண்ணி வடியும்னு எல்லாரும் சொல்வாங்க. தண்ணி மண்ணுல இருந்து ஜல்லிக்கு லேசுல எறங்காது, மேல மண்ணு சொதசொதன்னு ஆகுற வரைக்கும் அங்கேயே நிக்கும். அந்த எடத்துக்கும் மண்ணையே போடுங்க.

மண்ணு கணக்கு: 1 யூனிட்னா 100 கன அடி, இந்த அளவுக்கு 43 கன அடி ஆகும், அரை யூனிட் சொல்லுங்க. செம்மண்ணு ரெண்டு பங்கு, நல்லா மக்குன சாணி உரம் ஒரு பங்கு, கொஞ்சம் தேங்காநார்க் கழிவு. கம்மா வண்டல் சும்மா கெடைக்குதுன்னு அதையே ரொப்பாதீங்க, களி அதிகம், திரும்ப தண்ணி நிக்கும், ரெண்டு மூணு கூடை கலந்தா சத்து. மொத மழைக்கே ரெண்டு மூணு இஞ்ச் அமுங்கும், பயப்படாம மேல உரத்தப் போடுங்க.

ஒண்ணு மட்டும், சித்திரை வெயிலுக்கு இதே பாத்தி சீக்கிரம் காயும், வைக்கோலோ கடலைத் தோலோ போட்டு மூடுங்க. மொதல்ல குழியத் தோண்டி எத்தன இஞ்ச் எறங்குச்சுன்னு சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி வாய்க்கா எவ்வளவு ஆழம் வெட்டணும்னு சொல்றேன்.