உளுந்துக்கு டிஏபி கரைசல்: இலை கருகுவது ஏன்?

கேள்வி: சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு விதைத்த உளுந்து இப்போது பூக்கத் தொடங்கியுள்ளது. சென்ற ஆண்டு விசைத்தெளிப்பானால் டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரக் கரைசல் அடித்தபோது இலை ஓரங்கள் கருகின; நாசிலும் (தெளிப்பு முனை) அடிக்கடி அடைத்துக்கொண்டது. ஏக்கருக்கு நான்கு கிலோதான் போட்டேன். எங்கே பிழை?
– வாசகர், மன்னார்குடி வட்டம்

பதில்: நான்கு கிலோ சரியான அளவுதான், தண்ணீர்தான் போதாமல் இருந்திருக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது 2 சதவீதக் கரைசல், அதாவது 4 கிலோ உரத்துக்கு 200 லிட்டர் தண்ணீர். விசைத்தெளிப்பானோ மருந்தை நுண்துளிகளாக்கிக் காற்றின் வேகத்தில் தூவுவதால், ஏறத்தாழ 60 லிட்டரிலேயே ஏக்கரை முடித்துவிடும். அந்த 60 லிட்டரில் 4 கிலோவைக் கரைத்தால் கரைசலின் அடர்த்தி ஆறரை சதவீதத்தைத் தாண்டிவிடும். அவ்வளவு உப்பை உளுந்தின் இளம் இலை தாங்காது. பூச்சிமருந்துக்குப் பொருந்தும் அந்தக் கருவியை உரக் கரைசலுக்கு எடுக்காமல், கைத்தெளிப்பானையோ பேட்டரி தெளிப்பானையோ பயன்படுத்துங்கள்.

முதல் நாள் மாலையே 4 கிலோ டிஏபியை 20 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து நன்கு கலக்கிவிடுங்கள். மறுநாள் அடியில் சேறுபோல் தங்கியிருக்கும் கசடைக் கலக்காமல், மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் இறுத்து, இரண்டாக மடித்த பருத்தித் துணியில் வடிகட்ட வேண்டும். உங்கள் நாசிலை அடைத்தது பெரும்பாலும் இந்தக் கசடாகத்தான் இருக்கும். வடித்ததில் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு தண்ணீர் சேர்த்து மீண்டும் 20 லிட்டராக்கிக்கொண்டால், 16 லிட்டர் டேங்க் ஒன்றுக்கு 1.6 லிட்டர் தெளிநீர் கணக்காகும். மீதிக்கு நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு டேங்க் 8 சென்ட் நிலத்துக்கு வர வேண்டும். அடிப்பவரின் நடைவேகம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி 8 சென்டில் நடந்து பார்த்துவிடுவது நல்லது.

வெயிலில் அடித்தால் துளியிலுள்ள நீர் சட்டென்று ஆவியாகி உப்பு மட்டும் இலைமேல் தங்கிவிடும். ஆகவே மாலை நான்கு மணிக்குப் பிறகு, காற்று அடங்கிய நேரமே ஏற்றது. பூக்கும் தருணத்தில் ஒரு முறையும் பதினைந்து நாள் கழித்து மறுமுறையும் தெளியுங்கள். துத்தநாக சல்பேட்டை இதனுடன் கலக்காதீர்கள். அது பாஸ்பேட்டுடன் சேர்ந்து கரையாத வீழ்படிவாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, நெல்லுக்கு 2,4-டி களைக்கொல்லி அடித்த டேங்கை உளுந்து வயலுக்குக் கொண்டுபோகவே வேண்டாம். அகன்ற இலைப் பயிரான உளுந்து அதன் சிறு எச்சத்துக்கே இலை சுருண்டு முறுக்கிக்கொள்ளும். உரத் தெளிப்புக்கென்று தனி டேங்க் வைத்திருப்பது வீண்செலவு அன்று.

உழவும் அடியுரமும் இல்லாமல் நெல் தரிசின் எஞ்சிய ஈரத்திலேயே வளரும் பயிர் இது. காய் பிடிக்கும் நேரத்தில் அதற்கு உணவு கொடுக்க இலைவழி ஒன்றே எளிய வழியாக இருப்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கேள்வி: டிஏபியை ஊறவைத்து வடிகட்டும் வேலைக்குப் பதிலாக அரை லிட்டர் நானோ டிஏபி திரவ உர பாட்டில் போதுமா?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: வேலை குறையும் என்பது உண்மை, ஆனால் இரண்டும் ஒரே அளவு உரம் அல்ல. நானோ டிஏபியில் தழைச்சத்து 8 சதவீதம், மணிச்சத்து 16 சதவீதம். ஆக, அரை லிட்டரில் முறையே 40 கிராமும் 80 கிராமும்தான் இருக்கும். 4 கிலோ டிஏபியிலோ தழைச்சத்து 720 கிராம், மணிச்சத்து 1,840 கிராம். கசடோடு ஒரு பகுதி கழிந்தாலும் வித்தியாசம் பெரிது. அடியுரம் இடாத தரிசு உளுந்துக்கு ஊறவைத்த கரைசலையே நான் சொல்வேன். பாட்டிலையும் பார்க்க விரும்பினால் வயலின் ஒரு மூலையில் மட்டும் அடித்து, காய்ப்பை அருகருகே வைத்து ஒப்பிட்ட பிறகு முடிவெடுங்கள்.