தாய்லாந்துக்காரர்களுக்குக் கிண்டலும் நையாண்டியும் தெரியாதா?

கேள்வி இதுதான்: "தாய்லாந்து டிவியில் வரும் காமெடி எல்லாம் தட்டால் மண்டையில் அடிப்பதும் 'டொய்ங்' என்று சத்தம் வருவதுமாகவே இருக்கிறது. அவர்களுக்கு நையாண்டி எல்லாம் எட்டாது என்று வெள்ளைக்காரர்கள் எழுதுகிறார்கள். உண்மையா? வேலைக்காக பாங்காக் போகிறேன், ஆபீசில் எப்படிப் பேசிப் பழகுவது?"

உண்மை இல்லை. பத்து வருடத்துக்கு மேலாக இங்கே இருக்கிறேன், சீலோம் பக்கம் வேலை, மாரியம்மன் கோயிலில் இருந்து நடந்து போகிற தூரத்தில் வீடு. இவ்வளவு நாளில் நான் பார்த்த வரை, இவர்களைப் போல நாள் முழுக்க ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே வேலை செய்கிற ஜனங்கள் குறைவு. மொழி தெரியாதவன் கண்ணுக்குத் தட்டு மட்டும்தான் தெரியும், மீதி எல்லாம் காதுக்கானது. அதனால்தான் அந்த வெள்ளைக்காரர்கள் அப்படி எழுதுகிறார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை, பார்த்தது அவ்வளவுதான்.

எனக்கே இது புரிய நாளானது. வந்த முதல் மழைக்காலத்தில் எங்கள் சந்து முனையில் ஈரமான டைல்ஸ் படியில் வழுக்கி விழுந்தேன். கையில் பிளாஸ்டிக் பையில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய சூப், அது உடைந்து சட்டை முழுக்க. சுற்றி இருந்த கடைக்காரப் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிப் போனது, என்ன ஊர் இது என்று தோன்றியது. ஆனால் சிரித்துக்கொண்டே ஒரு அம்மா ஓடி வந்து கையைப் பிடித்துத் தூக்கினார், சிரித்துக்கொண்டே முழங்கையைத் துடைத்து 'யா மோங்' (நம் ஊர் தைலம் மாதிரி, எல்லார் பையிலும் இருக்கும்) தடவிவிட்டார், சூப் கடைக்காரர் இன்னொரு பை கட்டிக் கொடுத்துக் காசு வாங்க மறுத்துவிட்டார். பிறகு ஆபீசில் சொன்னபோதுதான் விளங்கியது. இதற்கு 'கே கோயன்' என்று பெயர், கூச்சத்தைப் போக்குவது. விழுந்தவனுக்கு வெட்கமாக இருக்கும், எல்லோரும் கவலையாக முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் அது இன்னும் கூடும், சிரித்துவிட்டால் விஷயம் சின்னதாகிவிடும், அவனும் சிரித்து எழுந்து போகலாம் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு இன்றைக்கும் அந்தச் சிரிப்பு முதல் நொடியில் சுருக்கென்று குத்தும், ஆனால் அதில் கேலி இல்லை என்று இப்போது தெரியும்.

அடுத்தது பெயர்கள். எங்கள் கணக்குப் பிரிவுத் தலைவியை எல்லோரும் 'மூ' என்றுதான் கூப்பிடுவார்கள், பன்றி என்று அர்த்தம். இன்னொருவர் 'உவான்', குண்டு. 'கோப்' என்றால் தவளை. இதெல்லாம் பட்டப்பெயர் இல்லை, பெற்றவர்கள் பிறந்தபோதே வைத்த வீட்டுப் பெயர். சான்றிதழில் இருக்கும் நீளமான சமஸ்கிருதப் பெயரை உடன் வேலை செய்பவர்களே அறிய மாட்டார்கள். அழகான பெயர் வைத்தால் பேய் பிசாசு குழந்தையைக் கொண்டுபோய்விடும் என்ற பழைய பயம் இதன் அடியில் இருக்கிறது. நம் ஊரில் முதல் பிள்ளைகள் தங்காத வீட்டில் குப்பன், பிச்சை என்று வைப்பார்களே, அதே பயம். அழகான கைக்குழந்தையைப் பார்த்து "வெறுப்பா இருக்கு" என்று கொஞ்சுகிற வழக்கம் இங்கே இன்றும் உண்டு. இந்த மண்ணில் வளர்ந்தவர் உங்களைப் பார்த்து "குண்டாயிட்டீங்க" என்றால் அதில் "ரொம்ப நாளாச்சு, உங்களைக் கவனிச்சேன்" என்பதுதான் பாதி.

சரி, இப்போது எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கு வருகிறேன், சொல் விளையாட்டு. தாய்லாந்து மொழியில் ஒரே அசையை ஐந்து விதமாக ஏற்றி இறக்கிச் சொன்னால் ஐந்து அர்த்தம். அப்படிப்பட்ட மொழியில் சிலேடைக்குப் பஞ்சம் வருமா? அதில் 'கம் புவன்' என்று ஒரு கலை இருக்கிறது. இரண்டு அசையின் தலையை அப்படியே விட்டுவிட்டு வாலை மட்டும் மாற்றிக்கொள்வது. மூ அக்கா ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது டிஷ்யூ பேப்பரில் எழுதிக் காட்டினார். 'நக் ரோங்', பாடகர். வால்களை மாற்றினால் 'நோங் ரக்', அன்புத் தம்பி அல்லது தங்கை. தொனி உட்பட அச்சாகப் பொருந்துகிறது. நான் "அடடே" என்றதும் மேசையில் இருந்த மற்றவர்கள் ஆளுக்கு ஒன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்கள், நாலாவதில் இருந்து மூ அக்கா காதைப் பொத்திக்கொண்டார். ஏனென்றால் இந்தக் கலையின் உண்மையான பயன் அதுதான்: வாயால் சொல்வது சுத்தமான வார்த்தை, கேட்பவன் மனதுக்குள் திருப்பிக்கொண்டால் பச்சை. தெற்கே ஒரு பழைய செய்யுள் முழுக்க இப்படியே எழுதப்பட்டிருக்கிறது. 'லம் தத்' என்ற பாட்டுக்கூத்தில் ஆண் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம் நின்று ரமனா என்ற பறை போன்ற வாத்தியத்தோடு ஒருவரை ஒருவர் இரட்டை அர்த்தத்தில் சாடிப் பாடுவார்கள், கிராமத்துப் பாட்டிகள் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். இப்படிப் பாடியவர்களைத் தேசியக் கலைஞர் என்று அரசே கௌரவித்திருக்கிறது. இதை எந்த மொழிபெயர்ப்பில் கொண்டுவர முடியும்?

டிவியின் தட்டுக்கும் ஒரு கதை உண்டு. 1980, 90களில் பாங்காக்கில் பெரிய பெரிய கஃபேக்கள் இருந்தன, சாப்பாடு, மது, பாட்டு, நடுவே ஐந்தாறு பேர் கொண்ட காமெடிக் குழு. கடைசி மேசையில் சாப்பிட்டுக்கொண்டும் குடித்துக்கொண்டும் இருப்பவனைத் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும். தகரத் தட்டு அடித்தால் வலிக்காது, சத்தம் மட்டும் ஊருக்கே கேட்கும். மும் ஜோக்மோக் (தாய்லாந்து நடிகர் டோனி ஜாவின் சண்டைப் படத்தில் கூடவே வருவாரே, அவர்தான்), தேப் போ-ங்கம் போன்றவர்கள் அந்த மேடைகளில் பெயர் எடுத்து டிவிக்கு வந்தவர்கள், தட்டும் கூடவே வந்துவிட்டது. அவர்கள் பேச்சைக் கவனித்துக் கேளுங்கள். ஒருவர் 'சோங்' செய்வார், காப்பி கலக்குவதற்கும் அதே சொல்தான், அதாவது ஜோக்குக்கு எடுத்துக் கொடுப்பது. அடுத்தவர் 'தொப்', ஓங்கி அறைவது போல முடித்து வைப்பது. நம் கவுண்டமணி செந்திலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பாடம் நடத்தித்தான் புரிய வேண்டும் என்பதில்லை. சீக்கிரம் சிரிக்கிறவனை "நரம்பு மேலாக ஓடுகிறது" என்பார்கள், லேசில் சிரிக்காதவனுக்கு "நரம்பு ஆழம்". இவ்வளவு நுணுக்கமான சொற்கள் ஒரு தொழிலில் இருக்கிறது என்றால் அந்தத் தொழில் மேம்போக்கானதாக இருக்க முடியாது.

ஆனால் எல்லாவற்றையும் நான் தாங்கிப் பேச மாட்டேன். வடகிழக்கு ஈசான் பகுதிக்காரர்களின் பேச்சு வழக்கு, கறுத்த தோல், திருநங்கைகள், இவர்களை வைத்து இன்றும் டிவியில் சிரிக்க வைக்கப் பார்க்கிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை, இங்கே இளைஞர்களும் இப்போது வெளிப்படையாகக் கண்டிக்கிறார்கள். இந்தியர்களைப் பற்றி ஒரு பழைய வாக்கியம் உண்டு, "பாம்பையும் கேக்கையும் கண்டால் முதலில் கேக்கை அடி" என்று. 'கேக்' என்றால் விருந்தாளி, இந்தியர்களையும் அரபிகளையும் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு விருந்தில் ஒருவர் என்னிடமே அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார், எனக்கு உண்மையிலேயே வலித்தது. அந்த வாக்கியம் நம் ஊரிலும் வேறு ஆளை வைத்து உண்டு என்பது நினைவுக்கு வந்தபோது இன்னும் சங்கடமாக இருந்தது.

நையாண்டி தெரியாது என்பதற்கு வருவோம். இவர்களின் பழைய கதை நாயகன் 'சி தனோன்சை', நம் வாயில் சொன்னால் ஸ்ரீ தனஞ்சயன். தெனாலிராமனின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம், இரக்கம் மட்டும் குறைவு. ராஜா "என்னை இந்தக் குளத்தில் இறங்க வைப்பாயா?" என்று சவால் விடுகிறார். "இறங்க வைக்க முடியாது, உள்ளே இருந்தால் மேலே வர வைக்கிறேன்" என்கிறான். ராஜா இறங்குகிறார். "இனி மேலே வருவதும் வராததும் தங்கள் விருப்பம், இறங்க வைத்தாகிவிட்டது." பாங்காக்கில் சியாம் பகுதியின் பெரிய மால்களுக்கு நடுவே இருக்கும் வாட் பதும் வனாராம் கோயில் சுவரிலேயே இவன் கதை ஓவியமாக இருக்கிறது. இன்றும் சட்டத்தை வார்த்தை வார்த்தையாக வளைக்கிற அரசியல்வாதியைப் பத்திரிகைகள் இவன் பெயர் சொல்லித்தான் திட்டும்.

தெற்கே நகோன் சி தம்மராத்தில் 'நங் தலுங்' பார்த்த இரவை மறக்க முடியாது. தோல்பாவைக்கூத்துதான், திரைக்குப் பின்னால் ஒரே ஆள் எல்லாக் குரலும் பேசுகிறார். ராஜாவும் இளவரசனும் பாங்காக் மொழியில் திருத்தமாகப் பேசுவார்கள். தேங், நூ நுய் என்ற இரண்டு கோமாளிகள் மட்டும் தெற்கத்திய வட்டார வழக்கில் பேசுவார்கள். சட்டை இல்லாத கறுத்த உடம்பு, கட்டம் போட்ட லுங்கி, நூலை இழுத்தால் வாய் அசையும். கன்னியாகுமரிப் பக்கத்து உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் என் கண் முன்னால் வந்து நின்றார்கள். அன்று இளவரசன் காட்டில் அழுதுகொண்டிருக்க, தேங் திடீரென்று ரப்பர் விலையைப் பற்றிக் கேட்டான். கூட்டம் அதிர்ந்தது. பக்கத்தில் இருந்த ரப்பர் தோட்டக்காரர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார், பிறகு வெகுநேரம் பேசவே இல்லை. அரசாங்கத்தை யாரும் பெயர் சொல்லித் திட்டவில்லை, ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் யாரைச் சொல்கிறான் என்பதில் சந்தேகம் இல்லை.

சுற்றி வளைத்துச் சொல்வதற்குக் காரணமும் உண்டு. குற்றவியல் சட்டம் 112-வது பிரிவு: மன்னர், ராணி, வாரிசு பற்றி அவதூறு என்றால் ஒரு குற்றத்துக்கு 3 முதல் 15 ஆண்டு சிறை. 2020 நவம்பரில் நாடாளுமன்றத்துக்கு முன்னால் போலீஸ் தண்ணீர் பீய்ச்சியபோது போராட்டக்காரர்கள் காற்றடைத்த மஞ்சள் ரப்பர் வாத்துகளைக் கேடயமாகப் பிடித்தார்கள், உலகமே அதைப் படம் பிடித்துப் போட்டது. அந்த வாத்துப் படம் போட்ட மேசை நாட்காட்டி விற்ற ஒருவருக்கு அதே 112-வது பிரிவின் கீழ் 2023-ல் நீதிமன்றம் 2 ஆண்டு சிறை விதித்தது. வெளிநாட்டுக்காரர் அந்த வாத்தைப் பார்த்து "எவ்வளவு அழகு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்குக் கோபத்தையே தருகிறது.

இதே வரிசையில்தான் 2018 ஜனவரியும் வருகிறது. ராணுவ ஆட்சியின் பிரதமர் பிரயுத், தன் ஆளுயர அட்டை உருவத்தை மைக் முன்னால் நிறுத்தி, "கேள்வி இருந்தா இவரைக் கேளுங்க" என்று செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். வெளிநாட்டுப் பத்திரிகைகள் வினோதச் செய்தியாகப் போட்டன. இங்கே பலருக்கு அது அதிகாரத்தில் இருப்பவன் செய்யும் 'குவன்', அதாவது சீண்டல், அதனால் எரிச்சல். துணைப் பிரதமர் பிரவித் சொத்துக் கணக்கில் காட்டாத விலையுயர்ந்த கைக்கடிகாரங்களை "நண்பரிடம் இரவல்" என்று சொன்னதும் அதே சமயத்தில்தான், அதன்பின் யார் புதிதாக எதைப் போட்டுக்கொண்டு வந்தாலும் எங்கள் ஆபீசில் "நண்பரிடம் இரவலா?" என்பார்கள். அதே மாதம், ஒரு வார்த்தைகூட இல்லாமல் படத்தாலேயே ஆட்சியைக் கிண்டல் செய்த 'கை மேவ்' என்ற ஃபேஸ்புக் கார்ட்டூன் பக்கம் திடீரென்று காணாமல் போனது, ஊரே பதறியது, பிறகு திரும்பி வந்தது. 1995-ல் இருந்து தனியாளாக மேடையில் நின்று அரங்கம் நிறைக்கும் காமெடியன் உதோம் தேபானிச் 2022-ல் பிரதமரைக் கிண்டல் செய்தபோது, உதோமை விசாரிக்கச் சொல்லிப் போலீசில் மனு போனது. நையாண்டி தெரியாத நாட்டில் யாராவது இதற்கெல்லாம் மனு கொடுப்பார்களா?

உங்கள் ஆபீஸ் விஷயம். உங்களைவிட மூத்தவரை அண்ணன், அக்கா என்ற பொருளில் 'பீ' என்றுதான் கூப்பிட வேண்டும். தமிழ்க் காதுக்கு அது எப்படி விழும் என்று தெரியும், ஒரு வாரத்தில் பழகிவிடும். அவர்கள் உங்களைச் சீண்டினால் ஏற்றுக்கொண்டார்கள் என்று பொருள், நீங்களும் வயதில் இளையவர்களை, சம வயதுக்காரர்களைச் சீண்டலாம், மேலதிகாரியைக் கூட்டத்தில் வேண்டாம். வெள்ளைக்காரர் பாணியில் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு நேர்மாறாகப் பேசாதீர்கள். இங்கே அப்படிப் பேசுவது 'பிரசோத்', மனம் புண்பட்டவர் குத்திக் காட்டும் பேச்சு, உங்களுக்கு ஏதோ வருத்தம் என்று நினைத்து மாலை வரை கவலைப்படுவார்கள். அரச குடும்பம், பிக்குகள், ஒருவரின் அப்பா அம்மா, இந்த மூன்றையும் தொடவே தொடாதீர்கள். ஆபீஸ் 'லைன்' (LINE, வாட்ஸ்அப் மாதிரி ஒரு ஆப்) குழுவில் 555 என்று வந்தால் அது கணக்கு இல்லை. ஐந்துக்கு அவர்கள் மொழியில் 'ஹா', மூன்று ஐந்து போட்டால் ஹாஹாஹா. முதல் வாரமே யாராவது உங்கள் எடையைப் பற்றியோ முடியைப் பற்றியோ சொல்வார்கள். நீங்களும் 555 போடுங்கள், பிறகு மதியம் அவர்களோடு போய் உட்கார்ந்து சாப்பிடுங்கள், டிஷ்யூ பேப்பரும் பேனாவும் மேசையிலேயே இருக்கும்.